செம்பா, அலுமினியமா?

அடியில் செம்புத் தகடு பதித்த எவர்சில்வர் பாத்திரங்களை உங்கள் வீட்டுச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். எவர்சில்வர் வெப்பத்தை மிக மந்தமாகக் கடத்தும். தீ படும் இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறிப் பால் அடிப்பிடித்துவிடும். செம்பு அந்தச் சூட்டை அடிப்பாகம் முழுவதும் பரப்பிவிடுகிறது.

கணிப்பொறிக்குள்ளும் இதே சிக்கல்தான். சாதாரண மேசைக் கணிப்பொறி ஒன்றின் பிராசசர் 65 வாட் வெப்பத்தை வெளிவிடுவதாகக் கொள்வோம். ஒரு பழைய குண்டு பல்பின் சூடு முழுவதும் தபால்தலை அளவுள்ள இடத்தில் குவிகிறது! வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பெரும்பாலான பிராசசர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் பொறி நின்றேவிடும். இந்த வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவதற்காகப் பிராசசர் மீது வைக்கப்படும் தகடுகள் கொண்ட உலோகத் துண்டே 'ஹீட் சிங்க்' எனப்படுவது.

அதைச் செம்பில் வாங்குவதா, அலுமினியத்தில் வாங்குவதா? வெப்பங்கடத்தும் திறனைப் பார்த்தால் செம்புக்கு 400. ஹீட் சிங்க் செய்யப் பயன்படும் அலுமினியக் கலவைக்குச் சுமார் 200 (அலகு: மீட்டருக்கு, கெல்வினுக்கு இத்தனை வாட்). செம்பு இரு மடங்கு உயர்ந்தது. எனவே பிராசசரின் சூடும் பாதியாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஹீட் சிங்கின் அடித்தட்டு 5 மி.மீ. தடிப்பு. வெப்பம் இறங்கும் பரப்பு 2 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். இதன் வழியே 65 வாட் பாய வேண்டுமானால் செம்பில் 2 டிகிரி வேறுபாடு போதும். அலுமினியத்தில் 4 டிகிரி வேண்டும். அடுத்து, தகடுகளிலிருந்து காற்றுக்கு. தகடுகளின் மொத்தப் பரப்பு 700 சதுர செ.மீ. என்றும், மின்விசிறி ஓரளவு காற்று வீசுகிறது என்றும் கொண்டால், இந்த 65 வாட்டைக் காற்று வாங்கிக்கொள்ளத் தகடுகள் காற்றைவிடச் சுமார் 31 டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும். இந்த 31 டிகிரி, தகடு செம்பா அலுமினியமா என்பதைப் பொறுத்ததன்று. பரப்பையும் காற்றின் வேகத்தையுமே பொறுத்தது.

தகட்டின் நுனி அதன் அடியைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். 3 செ.மீ. உயரமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள அலுமினியத் தகடு தன் முழுத் திறனில் 92 விழுக்காடு வேலை செய்யும். செம்புத் தகடு 96 விழுக்காடு. ஆக எல்லாவற்றையும் கூட்டினாலும் செம்பினால் கிடைக்கும் ஆதாயம் 3 அல்லது 4 டிகிரிதான். பாதியாவது எங்கே, இது எங்கே!

இந்த 4 டிகிரிக்குக் கொடுக்கும் விலை என்ன? நாம் எடுத்துக்கொண்ட ஹீட் சிங்கை 8 செ.மீ. சதுர அடித்தட்டுடன் செய்தால் அலுமினியத்தில் சுமார் 180 கிராம், செம்பில் 600 கிராம். கணிப்பொறிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும்போது பலகை செங்குத்தாக நிற்கும்; அந்த 600 கிராமும் பக்கவாட்டில் தொங்கும். இத்தகைய பெட்டியைப் பேருந்தில் ஏற்றிச் செல்வதை நினைத்தால் எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருக்கிறது.

கடைகளில் ஒரு கூற்று அடிக்கடி காதில் விழும்: "செம்பு சூட்டை வாங்கும் சார், வெளியே விடாது, அலுமினியம்தான் உடனே விடும்." இது தவறு. ஆனால் இப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஒரே கன அளவுள்ள செம்பு, ஒரு டிகிரி சூடேற அலுமினியத்தைப்போல் 1.4 மடங்கு வெப்பத்தை வாங்குகிறது. எனவே பொறியை நிறுத்தியபின் செம்பு ஆறச் சற்று நேரம் எடுக்கும். தொட்டுப் பார்ப்பவர் 'வெளியே விடவில்லை' என்கிறார். பொறி ஓடிக்கொண்டிருக்கையில், வாங்கும் 65 வாட்டையும் இரண்டும் அப்படியே வெளிவிடுகின்றன.

2023 மே மாதம் எங்கள் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் பிற்பகலானால் நான்கைந்து பொறிகள் தாமாக நின்றுபோயின. ஒரு மாணவியின் இரண்டு மணி நேர உழைப்பு சேமிக்கப்படாமலே போயிற்று. எல்லாவற்றுக்கும் செம்பு ஹீட் சிங்க் வாங்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. திறந்து பார்த்தோம். தகடுகளுக்கிடையே தூசி, கம்பளித்துணி போல அடைத்திருந்தது. பிராசசருக்கும் உலோகத்துக்கும் நடுவே தடவும் பசை உலர்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்புகளில் இருப்பது காற்று. காற்றோ செம்பைவிட 15 ஆயிரம் மடங்கு மோசமான கடத்தி. தூரிகையால் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதுப் பசை வைத்து மூடினோம். அதே அலுமினியத்துடன் அந்தப் பொறிகள் கோடை முழுவதும் ஓடின.

பசை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 'திரவ உலோகம்' என்று விற்கப்படுபவற்றில் காலியம் இருக்கும். அது அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்துவிடும். அலுமினிய ஹீட் சிங்க் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் செம்பு எப்போது வேண்டும்? வெப்பம் 100 வாட்டைத் தாண்டும்போதும், பெட்டிக்குள் இடம் குறுகலாக இருந்து தகடுகளை மிக மெல்லியதாக அமைக்க நேரும்போதும் அதன் ஆதாயம் கூடுகிறது. அப்போதுகூட முழுவதும் செம்பாக இருக்க வேண்டியதில்லை. பென்டியம் 4 காலத்தில் இன்டெல் நிறுவனம் தந்த பல ஹீட் சிங்குகளில் நடுவே மட்டும் ஒரு செம்பு உருளை. சுற்றிலும் அலுமினியத் தகடுகள். இன்றைய பெரிய ஹீட் சிங்குகளிலும் பிராசசரிலிருந்து சூட்டை எடுத்துச் செல்பவை செம்புக் குழாய்கள், காற்றில் விடுபவை அலுமினியத் தகடுகள். குழாய்க்குள் சிறிதளவு நீர் ஆவியாகி மறுமுனையில் குளிர்ந்து திரும்புவதால், அது திண்மச் செம்புக் கம்பியையும் மிஞ்சிக் கடத்துகிறது.