இலங்கைச் சதியும் சட்டத்தின் மானமும்

குடிகள் கொடுத்த வரிப்பணத்தில் வாங்கிய துப்பாக்கி, குடிகள் அளித்த வாக்கையே நோக்கித் திரும்புமாயின், அந்நாட்டில் சுயராஜ்யம் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்த வரலாற்றைச் சேதராப்பட்டு முதலிய நம் ஊரார் யாவரும் அறிவர். ஆட்சி மாற்றம் எவ்விதம் நிகழ வேண்டுமென்பதை அவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எட்டு ஆண்டுகளுக்குள், கடலுக்கப்பால் இலங்கையில் வேறொரு வழி முயலப்பட்டது. அதன் தலைவர்களில் ஒருவர் கப்பற்படையின் முன்னாள் தளபதி ராய்ஸ் டி மெல்.

டி மெல் அற்பரல்லர். ஆங்கிலேயர் காலத்தில் தொண்டர் கடற்படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1950-ல் இலங்கைக்குத் தனிக் கப்பற்படை ஏற்பட்டபோது அதன் தலைமை ஆங்கிலேயரிடமே இருந்தது. 1955-ல் அப்பதவியைப் பெற்ற முதல் இலங்கையர் இவரே. இத்தகைய பெருமைக்குரியவர் 1960-ல் பதவியை விட்டு இறங்கும்படி நேர்ந்தது. அவ்வாண்டிலேயே ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகா பிரதம மந்திரியானார். சிங்களமும் பௌத்தமும் ராஜாங்கத்தில் முதலிடம் பெற்று வந்த காலம் அது. ஆங்கிலம் கற்று, உயர் பதவிகளில் அமர்ந்து, பெரும்பாலும் கிறிஸ்தவராக இருந்த ஒரு வகுப்பார் தமது செல்வாக்கு நாளுக்கு நாள் தேய்வதைக் கண்டு மனம் புழுங்கினர். வேலைநிறுத்தங்களும் அவசரச் சட்டமும் அவர்களுக்கு ஒரு சாக்காயின.

1962 ஜனவரி 27-ந் தேதி நள்ளிரவில் மந்திரிகளைச் சிறைபிடிப்பது, கொழும்பு நகரைப் படைகொண்டு வளைப்பது, செய்திப் போக்குவரத்தைத் துண்டிப்பது என்று திட்டம் வகுக்கப்பட்டது. டி மெல்லின் சகோதரரான கர்னல் மாரிஸ் டி மெல், சட்டம் கற்றவரான கர்னல் டி ஸேரம், போலீஸ் உயர் உத்தியோகஸ்தரான ஸி. ஸி. திஸாநாயகா ஆகியோர் முக்கியஸ்தர்கள். ஆயின், சதியை அறிந்த போலீஸ் அதிகாரி ஒருவர் தம் மனைவியிடம் கூற, செய்தி பார்லிமெண்டு அங்கத்தினரான மாமனாருக்கு எட்டிற்று. ஒரு குண்டும் வெடிக்காமலே சதி முறிந்தது.

இதில் ஒரு விஷயம் தமிழர் மறக்கற்பாலதன்று. டி மெல்லுக்குப் பின் கப்பற்படைத் தலைமை ஏற்றிருந்தவர் ராஜன் கதிர்காமர் என்னும் தமிழர். அவர் சதியில் சேரவில்லை. எனினும் குற்றஞ்சாட்டப்பட்டோரில் தமிழரும் பறங்கியரும் சிலர் இருந்தமையால், சிறுபான்மையோர் அனைவர் மீதும் சந்தேகம் படிந்தது. பின்வந்த ஆண்டுகளில் படை அதிகாரிகளாகச் சிங்கள பௌத்தர்களையே சேர்க்கும் போக்கு வலுத்தது. சிலர் செய்த பாதகத்துக்குச் சமூகங்கள் தண்டனை அனுபவித்தன.

இனி ராஜாங்கம் செய்ததைப் பார்ப்போம். மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயகாவே கைதிகளை நேரில் விசாரித்தார். நிகழ்ந்த குற்றத்துக்கென, நிகழ்ந்த பின்பு, 1962-ல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அது முன்தேதியிட்டு அமலாயிற்று. போலீஸ் காவலில் கொடுத்த வாக்குமூலங்களுக்கு இடந்தந்தது. பத்தாண்டுச் சிறைக்குக் குறைந்த தண்டனை கூடாதென்றும் சொத்துக்கள் பறிமுதலாக வேண்டுமென்றும் விதித்தது. விசாரிக்கும் நீதிபதிகளை மந்திரியே பொறுக்கி நியமிக்கலாமாம்! வாதியே நடுவரைத் தேடிக்கொள்ளும் இம்முறை எந்த நீதி சாஸ்திரத்தில் உள்ளது?

அவ்வாறு நியமிக்கப்பட்ட நீதிபதிகளே தங்கள் நியமனம் அரசியல் சாசனத்துக்கு முரணென்று தீர்ப்பளித்து விலகினார்கள். இதுவன்றோ நியாயாதிபதிக்கு அழகு! இரண்டாம் முறை அமைந்த மன்றத்தில் ஒருவர் முன்னர் அரசாங்க வழக்கறிஞராயிருந்து இதே வழக்கின் புலனாய்வுக்கு உதவியவர் என்று தெரிந்ததால் அதுவும் கலைந்தது. மூன்றாம் மன்றம் 1965 ஏப்ரல் மாதத்தில் 24 பேரில் பதினொருவரைக் குற்றவாளிகளெனத் தீர்த்துத் தலைக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. டி மெல்லும் அவர்களில் ஒருவர். அவ்வாண்டு டிஸம்பரில் லண்டன் பிரிவி கவுன்ஸில் அனைவரையும் விடுதலை செய்தது. குறிப்பிட்ட சில மனிதர்களைத் தண்டிக்கவென்றே சட்டஞ்செய்தல், சட்டசபை நீதிபதியின் ஆசனத்தில் ஏறி அமர்வதாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சதிகாரர் தப்பிவிட்டனரே என்று சிலர் வருந்தினர். வருத்தம் இயல்பே. அவர்கள் செய்யத் துணிந்தது ராஜத்துரோகம் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. தேர்தலில் தோற்ற வகுப்பார் பாசறையில் வெற்றி தேடலாகாது. ஆயினும், துரோகியைத் தண்டிக்கும் அவசரத்தில் ராஜாங்கமும் சாசனத்தை மீறுமாயின், துப்பாக்கியால் செய்ய முயன்றதைப் பேனாவால் செய்ததாகவே முடியும். பழைய சட்டத்தின்படியே நேர்மையாக விசாரித்திருந்தால் அத்தீர்ப்பை அசைத்திருக்க முடியுமா?

இலங்கை இப்பாடத்தைக் கற்றுக்கொண்டதா? 1971-ல் பிரிவி கவுன்ஸில் அப்பீல் நீக்கப்பட்டது. 1972-ல் வந்த சாசனம், நிறைவேறிய சட்டத்தை ரத்துச் செய்யும் அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து பறித்தது. சிறுபான்மையோர்க்குக் காப்பாயிருந்த பழைய சாசனத்தின் 29-வது பிரிவும் அதனோடு மறைந்தது. டி மெல்லையும் அவர் நண்பர்களையும் காத்த அரண், எத்துரோகமும் செய்யாத தமிழ்க் குடியானவனுக்கு இல்லாதொழிந்தது.

நமக்குப் பிடிக்காத மனிதனுக்கும் நியாயம் கிடைக்கும் நாட்டில்தான் நமக்கும் நியாயம் கிடைக்கும். தேசபக்தர்கள் இதனை நெஞ்சில் பொறித்துக்கொள்வார்களாக.