லீவு கொடுக்க முதலாளி எங்கே?

ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கிவைத்த பிராந்திய ராணுவம் 2025 மே மாதம் மறுபடி செய்திக்கு வந்தது. டெரிட்டோரியல் ஆர்மி என்று நம்மவர்கள் சொல்லும் இந்தப் பகுதிநேரப் படையின் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைத்துக்கொள்ள மத்திய அரசு அனுமதி தந்தது. எல்லையில் என்ன நடக்கும் என்று எல்லோரும் அலசினார்கள். அழைப்பு வந்தவனின் ஊர் வேலை என்னாகும் என்று அலசியவர்கள் குறைவு. சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கத்தான் செய்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, படைப்பணிக்கு அழைக்கப்பட்டவருக்கு முதலாளி லீவு கொடுக்க வேண்டும். திரும்பியதும் பழைய நிலைக்குக் குறையாமல் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு. உத்தரவையும் மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அழைப்பு வரப்போவதை மோப்பம் பிடித்து ஆளை முன்கூட்டியே நிறுத்திவிடும் தந்திரத்துக்கும் அதில் இடமில்லை.

இத்தனையும் சம்பளப் பதிவேட்டில் பேர் உள்ளவனுக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிப் பேர் உள்ளவர்கள் யார்? அரசு ஊழியர், வங்கிக்காரர், மில்லில் நிரந்தரமானவர். மற்றவர்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு முதலாளி யார்? தோட்டக்காரரா, ஆள் சேர்த்துக் கொண்டுபோகிறவரா, ஜீப்காரரா? வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சி ஒரு பாக்கெட் நோட்டு. அதில் பேருக்கு நேரே ஒரு கோடு, வாரக் கடைசியில் கணக்குத் தீர்ந்தால் அந்தப் பக்கமும் தீர்ந்தது. ஆண்டுப் பயிற்சிக்கு இரண்டு மாதம் போய்வந்தவன், எந்த வேலையைத் திருப்பிக் கேட்பான்? குடியிருப்பது தமிழ்நாடு, வேலை கேரளா என்பது தனிச் சிக்கல். சமவெளியிலும் இதே கதைதான்: திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக்கும் காய் வெட்டுக்கும் தனித்தனி ஆட்கள், பெரியாற்றுத் தண்ணீர் திறந்ததும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் நடவுக்கு வருகிற ஆட்கள், மில்லில் காண்ட்ராக்ட்காரர் அனுப்புகிற ஆட்கள். ஒப்பந்தக் கூலி பெருகப் பெருக, சட்டம் கைகாட்டும் அந்த முதலாளி கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறார். ராணுவத்தைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

மூன்று பேரை வைத்துக் கடை நடத்துகிறவர், ஒருவனை இரண்டு மாதம் விட்டுவிட்டு எப்படிச் சமாளிப்பார் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அதற்குச் சிங்கப்பூரில் விடை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ரிசர்விஸ்ட் பயிற்சி தெரிந்த சங்கதி: ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம், முதலாளி விட்டே ஆக வேண்டும், சம்பள இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. நாட்டுக்காகப் போகிறவனின் செலவை மளிகைக் கடைக்காரர் தலையில் கட்டுவதில்லை. தினக்கூலியைச் சட்டத்தால் எட்டவே முடியாது என்பதும் சாக்குதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு என்கிறது. நடைமுறையில் எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஒரு நாள் ஓட்டுக்கு யோசித்தவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு யோசிக்கத் தோன்றவில்லையே!

‘இந்தப் படையில் சேர்கிறவர்களே கொஞ்சம், இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்பார்கள். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடித்தவர்களில் 25 சதவீதத்துக்கு மேல் நிரந்தரமாக்கப்படுவதில்லை. மற்றவர்கள் இருபதுகளிலேயே பயிற்சி பெற்ற உடம்போடு ஊர் திரும்புவார்கள். பகுதிநேரப் படை அவர்களை இழுக்கும் என்றே நினைக்கிறேன். ஆள் சேரும் முன் சட்டத்தைத் திருத்துவதுதான் முறை. காண்ட்ராக்ட்காரரும் ஆள் கொண்டுபோகிறவரும் முதலாளிதான் என்று அதில் எழுத வேண்டும். ஆயிரம் ரூபாய் அபராதத்தை உறைக்கிற தொகையாக்க வேண்டும். சிறு முதலாளியின் இழப்பை அரசு ஏற்க வேண்டும். அதுவரை, கோவையிலோ திருச்சியிலோ உள்ள பட்டாலியனுக்கு ஆளெடுப்பு என்று கிளம்பும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பி.எஃப். எண்ணோ, இ.எஸ்.ஐ. அட்டையோ, முதலாளி கையெழுத்திட்ட ஒரு கடிதமோ வாங்கி வைத்துக்கொண்டு போங்கள்.