செல்லப் பன்றிக்குக் கொழுப்பு அழகல்ல

இங்கிலாந்தில் வீட்டுச் செல்லமாகவும் பண்ணைப் பூங்காக்களிலும் வளரும் பன்றிகளில் குனிகுனி, வியட்நாமியத் தொப்பைப் பன்றி இரண்டும் சீக்கிரம் பெருத்துவிடும். கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிக்கும். முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள். நெற்றிக் கொழுப்பு மடிந்து இமைமேல் சரிந்திருக்கும். கண்ணில் நோய் இல்லை, ஆனாலும் பார்வை இல்லை. ஆள் வருவது தெரியாமல் மிரண்டு கடிக்கவும் செய்யும். குரல் கொடுத்துவிட்டுத்தான் அருகில் போக வேண்டும். மூட்டு வலியால் எழவே திணறும். பன்றிக்கு வியர்வையால் உடல் குளிராது. கோடையில் கொழுத்த பன்றிக்கு உயிராபத்து.

குற்றம் பன்றியின் பசியில் இல்லை, நம் கையில் இருக்கிறது. இறைச்சிப் பன்றிக்கான தீவனம் விரைவாக எடை ஏற்றவே தயாராவது. அதைச் செல்லப் பன்றிக்குப் போடக்கூடாது. பூங்காவில் பார்வையாளர்களுக்கு விற்கும் தீனியை அன்றைய பங்கிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும், அதற்குமேல் கூடாது. குனிகுனி புல்லிலேயே பெருத்துவிடும் இனம், புல் செழித்த மாதங்களில் தீவனத்தைக் குறையுங்கள். சமையலறையிலிருந்து வரும் மிச்சமீதி, காய்கறித் தோல் உட்பட, சட்டப்படியே தடை. 2001இல் கோமாரி நோய் பரவிய பிறகு வந்த கட்டுப்பாடு இது. செல்லப் பன்றிக்கும் பொருந்தும்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம், டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை நீளம், இரண்டையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் 69.3ஆலும் பெருக்கினால் உத்தேச எடை கிலோவில் வரும். இரண்டும் ஒரு மீட்டர் என்றால் 69 கிலோ. இடுப்பையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் எலும்பு தட்டுப்படாவிட்டால் கொழுப்பு அதிகம்.

திடீரென்று பட்டினி போடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு நார்ச்சத்துத் தீவனத்துக்கு மாற்றி, அளந்து, தரையில் தூவிப் போடுங்கள். மூக்கால் கிளறித் தேடட்டும். உடற்பயிற்சிக்காக வெளியே நடத்திப்போவதானால் அரசின் விலங்கு நலத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், 9ஆம் பிரிவு, ஏற்ற உணவை வளர்ப்பவரின் கடமையாக்கியிருக்கிறது. பெருத்துத் தவிக்கும் பன்றியைப் பூங்காவில் கண்டால் முதலில் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நிர்வாகம் அசைய மறுத்தால் உள்ளாட்சி மன்றத்துக்கோ ஆர்எஸ்பிசிஏ என்னும் விலங்கு நல அமைப்புக்கோ, தேதியும் படமும் சேர்த்துப் புகார் கொடுங்கள்.