நீல வெளிச்சத்தை நம்பாதீர்கள்

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் எரிகிற நீல வெளிச்சம் ஒரு கிருமியைக்கூடக் கொல்வதில்லை. கொல்வது அதோடு சேர்ந்து வெளிவரும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், சுருக்கமாக யூவி. யூவி விளக்கு வாங்குவதிலும் மாற்றுவதிலும் கையாளுவதிலும் நடக்கிற தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

விளக்குக்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அதன் ஆவி 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை ஏராளமாக வெளியிடும். கிருமிகளின் மரபுப்பொருள் நன்றாக உறிஞ்சிக்கொள்வதும் ஏறக்குறைய இந்த அலைநீளத்தைத்தான். உறிஞ்சியதும் அதன் இழையில் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் தாறுமாறாக ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் கிருமியால் பெருக முடியாது. பெருகாத கிருமி வயிற்றுக்குள் போனாலும் நோய் தராது. பிரான்சின் மார்செய் நகரம் 1910-லேயே குடிநீருக்கு இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது. குளோரினுக்கு அசைந்துகொடுக்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரைப் படுக்கவைத்தது. யூவிக்கு அது எளிதில் அடங்கிவிடும்.

ஆனால் யூவியின் வேலை கிருமியோடு முடிந்துவிடுகிறது. உப்பு, நைட்ரேட், பூச்சிமருந்து, தர்மபுரி பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு எதையும் அது தொடாது. எனவே கடைக்குப் போகுமுன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். உவர்ப்பான போர் தண்ணீருக்கு யூவியை மட்டும் வாங்குவது வீண். மாறாக, ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீட்டில் உப்பு குறைவாக இருந்தால் உப்பை நீக்கும் ஆர்.ஓ. தேவையே இல்லை, வடிகட்டியும் யூவியும் போதும். ஆர்.ஓ.வையும் யூவியையும் சேர்த்தே தலையில் கட்டுவது விற்பவரின் வசதி. ஆர்.ஓ. வெளியே கொட்டும் தண்ணீருக்குக் கணக்குக் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

விளக்கு எத்தனை வாட் என்று மட்டும் கேட்டால் பாதி விஷயம்தான் தெரியும். தண்ணீர் வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு என்பது கதிரின் வலிமையும் அதன் முன்னால் தண்ணீர் தங்கும் நேரமும் சேர்ந்த கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் அளவு பாதியாகிவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட நல்ல அளவு. ஏற்கெனவே பாதுகாப்பான தண்ணீருக்குக் கூடுதல் காப்பாக மட்டும் வைக்கும் கருவிகளுக்கு அமெரிக்கத் தரம் 16 மில்லிஜூலை ஒப்புக்கொள்கிறது. திறந்த கிணற்றுக்கும் சம்ப்புக்கும் அது போதாது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடும்போது இந்த 40 கிடைக்கும், விளக்கு பழசான பிறகும் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் தெரியாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். வீட்டு யூவி கருவிகளுக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 14724 உண்டு, அந்த முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கலங்கல் தண்ணீரில் மண்துகளின் நிழலில் கிருமி ஒதுங்கிக்கொள்ளும். அதனால் யூவிக்கு முன்னால் 5 மைக்ரான் வடிகட்டியாவது வேண்டும். நம் ஊர்களில் அதைவிடப் பெரிய தொல்லை இரும்பும் கடினத்தன்மையும்தான். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்போ 120 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மையோ இருந்தால், விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் காவியோ வெள்ளைப் படிவோ ஏறும். போர் தண்ணீர் பலவும் இந்த அளவைத் தாண்டியதுதான். படிவு ஏறிய குழாய் வழியே நீல வெளிச்சம் மங்கலாகத் தெரியலாம், கதிரோ பெருமளவு அங்கேயே நின்றுவிடும். குழாயை அவ்வப்போது கழற்றி வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஊறவைத்துத் துடைக்க வேண்டும். வெறும் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசையும் கதிரை மறைக்கும்.

இடைவிடாமல் எரியும் விளக்குக்கு ஆயுள் சுமார் 9,000 மணி நேரம், அதாவது ஒரு வருடம். அதற்குப் பிறகும் நீலம் எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். ‘இன்னும் நல்லாத்தானே எரியுது’ என்று சொல்லி நிறைய வீடுகளில் பழைய விளக்கை மாற்றாமல் விடுகிறார்கள். காலண்டரைப் பார்த்து மாற்றுங்கள். அடிக்கடி போட்டு அணைப்பதும் ஆயுளைக் குறைக்கும். போட்டவுடன் முழு வலிமை வந்துவிடாது; ஓரிரு நிமிடம் பொறுத்துத் தண்ணீர் பிடியுங்கள். கதிர் குறைந்தால் எச்சரித்துத் தண்ணீரை நிறுத்திவிடும் சென்சார் உள்ள கருவி விலை கூடுதல் என்றாலும் வாங்கத் தகுந்தது.

மாற்று விளக்கு வாங்கும்போது நீளம், பின், சோக் மூன்றும் பொருந்த வேண்டும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு வேறு வகை. அதன் 365 நானோமீட்டர் கதிர் இந்த வேலைக்கு உதவாது. சாதாரணக் கண்ணாடியில் செய்த விளக்கும் அப்படியே, கண்ணாடி 254 நானோமீட்டர் கதிரை வெளியே விடாது. ஓசோன் உண்டாக்கும் வகையும் விற்கிறது. வீட்டுக்கு அது வேண்டாம்.

இனி ஆபத்து. கண்ணுக்கும் தோலுக்கும் எட்டு மணி நேரத்தில் இந்தக் கதிர் படக்கூடிய உச்சவரம்பாகக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு வைத்திருப்பது சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். உங்கள் கருவி தண்ணீருக்குச் சில நொடிகளில் கொடுப்பது 40. மூடியைத் திறந்து ‘எரிகிறதா’ என்று எட்டிப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தி, நீர் வழிந்து, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் போகும். வெல்டிங் தீப்பொறியை வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு ராத்திரியில் வருவதும் இதே கோளாறுதான். தோலும் வெயிலில் வெந்ததுபோல் சிவக்கும். திறக்குமுன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பதால் எர்த் சரியாக இருக்க வேண்டும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருப்பது நல்லது. தொட்டிக்குள் இறக்கிவைக்கும் மூடாத விளக்குகளைக் குடிநீருக்கு வாங்கவே வாங்காதீர்கள். மூலைமுடுக்கில் இருக்கும் தண்ணீருக்குக் கதிர் போய்ச் சேராது, மூடியைத் திறப்பவர் கண்ணுக்கு மட்டும் தவறாமல் வந்து சேரும்.

குளோரினைப்போல யூவி தண்ணீரிலேயே தங்கிக் காவல் காக்காது. அழுக்குக் குடத்தில் பிடித்தால் அந்த நிமிடமே மறுபடி கிருமிதான். கழுவிய பாத்திரத்தில் பிடித்து, மூடிவைத்து, சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

விளக்கு உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, துண்டுகளை அட்டையால் வாரி, பொடியை ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் பாதரசத்தைப் பரப்பிவிடும். பழைய விளக்கு மின்கழிவில் சேர வேண்டும், குப்பைத்தொட்டியில் அல்ல.

புது விளக்கு வரும்வரையும் மின்சாரம் இல்லாத நேரத்திலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.