துறைமுகத்து மனிதர்கள் – 14: மரிக்காரும் உபாலியும் ஒரே வானொலியில்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி ஒரு காலைப்பொழுது நடந்தால் போதும், இலங்கையின் எல்லாப் பேச்சும் காதில் விழுந்துவிடும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியைத் தொடவில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, அக்கரைக்குப் போக எல்லாருக்கும் ஒரே ‘பாதை’தான், மிதவையில் தோளோடு தோள் உரசி நின்றுதான் கடந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களின் வாழ்க்கையை அப்படியே நகைச்சுவையாக்கியது, 1970களில் இலங்கை வானொலி ஒலிபரப்பிய ‘கோமாளிகளின் கும்மாளம்’. நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். அதற்கு முன்பே நான்கு குரல்கள் வீடு வீடாக நுழைந்துவிட்டன. முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்கள வாடையோடு தமிழ் பேசும் உபாலி, கூடவே ஓர் ஐயர்.

யார் யாராக நடித்தார்கள் என்பதுதான் இதில் அழகு. தொடரை எழுதிய எஸ். ராமதாஸே மரிக்கார். உபாலி, செல்வசேகரன். அப்புக்குட்டி, ராஜகோபால். ஐயரோ, பி. எச். அப்துல் ஹமீட்! அடுத்த வீட்டுக்காரரின் பேச்சை ஆண்டுக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்டவரால்தான் இப்படி நடிக்க முடியும். வேடத்தின் பெயர் அவர்களை விட்டுப் போகவேயில்லை. ‘மரிக்கார் ராமதாஸ்’, ‘உபாலி செல்வசேகரன்’ என்றால்தான் இன்றும் ஆளைத் தெரியும்.

உபாலியின் தமிழைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன், அவள் யார் போனாலும் வினைச்சொல் மாறாது. தமிழிலோ போனேன், போனான், போனாள் என்று ஆளுக்கொரு விகுதி. அதில் சிங்களவர் தடுக்கி விழுவது இயல்பு. சிங்களம் பேசும்போது நாம் தடுக்குவதும் அப்படித்தான். நால்வரின் பேச்சும் ஒரே மேசையில் நகைச்சுவையானதால், யாரும் தனியாகக் கூனிக் குறுக வேண்டியிருக்கவில்லை.

தொடருக்குக் கிடைத்த வரவேற்பில் 1976இல் எஸ். ராமநாதன் இயக்கத்தில் ‘கோமாளிகள்’ திரைப்படமும் வந்தது. ஏழே ஆண்டுகளில், 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்தில், இதே உச்சரிப்பு உயிரைப் பறித்தது. சிங்களச் சொல்லொன்றைச் சொல்லச் சொல்லி, நாக்குத் தடுக்கியவரைத் தமிழர் என்று அடையாளம் கண்டு அடித்தார்கள். வானொலியில் சிரிக்க வைத்த அதே தடுக்கல்தான்.

ஆகவே அந்தத் தொடரை வெறும் பழைய ஞாபகமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. அடுத்தவரின் பேச்சில் சிரிக்கும் உரிமை, நம் பேச்சிலும் அவர் சிரிக்க இடம் கொடுத்தால்தான் நமக்கு உண்டு. மரிக்கார் கூட்டம் காட்டிய வழி அதுதான். ராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து எழுத இளையவர்கள் வர வேண்டும். வருகிறவர்களுக்குக் கதை தேடும் சிரமமே இல்லை. கிண்ணியா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

(தொடரும்)