கல்லாவில் உட்காரும் பிள்ளை, கைநழுவும் கல்வி உதவித்தொகை



நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். கல்லூரி வாசலை மிதித்ததெல்லாம் பிள்ளைகளைச் சேர்க்கப் போனபோதுதான். அப்படிப்பட்ட நாம் கல்லூரி விதிகளைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. நாம் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு பெண் பிள்ளைக்கு நஷ்டம் வந்தது. அது மற்றவர் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

மந்தைவெளியில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். இருபது ஆண்டுகளாக நம் மண்டியில் துவரம் பருப்பும் உளுந்தும் எடுப்பவர். பாக்கி வைத்தாலும் நாள் தவறாமல் தீர்ப்பவர். அவருடைய மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து பி.காம். சேர்ந்தாள். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையும் கிடைத்தது. ஆண்டுக்கு 12,000 ரூபாய். அந்தப் பணம் வந்த அன்று இனிப்புப் பெட்டியோடு மண்டிக்கு வந்தார்.

தை மாதம் ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக் கட்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போன கடைப்பையனும் திரும்பி வரவில்லை. நமக்குப் போன் செய்தார்.

“அண்ணாச்சி, கணக்குத் தெரிந்த பையன் ஒருவனை ஒரு மாதத்துக்கு அனுப்ப முடியுமா?”

“பி.காம். படிக்கிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு கணக்குத் தெரிந்த ஆளுக்கு அலைவானேன்? அவளை உட்காரச் சொல்லுங்கள்” என்றோம்.

அவளும் உட்கார்ந்தாள். ஆறு வாரம், 30 கல்லூரி நாட்கள். கடை ஒரு குறையுமின்றி நடந்தது. நமக்கும் சரக்குப் பணம் தவணை தவறாமல் வந்தது.

பருவத் தேர்வு நெருங்கியபோது வருகை குறைவு என்று கல்லூரியில் சொன்னார்கள். அதற்குரிய கட்டணத்தைக் கட்டினாள், தேர்வு எழுதினாள், எல்லாப் பாடத்திலும் தேறினாள். கண்டம் தாண்டியது என்றே எல்லோரும் நினைத்தோம். அடுத்த ஆண்டு உதவித்தொகையைப் புதுப்பிக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“பெரியப்பா, அபராதம் கட்டினது பரீட்சைக்குத்தானாம். உதவித்தொகைக்கு அது செல்லாதாம்” என்றாள் அந்தப் பெண். அழவில்லை. நமக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

இரண்டு பேரேடுகள்

கல்லூரியில் நம் பிள்ளைக்கு இரண்டு பேரேடுகள் உண்டு. ஒன்று தேர்வுக் கணக்கு, மற்றொன்று உதவித்தொகைக் கணக்கு. ஒன்றில் வரவு வைத்தது மற்றொன்றில் ஏறாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பருவமுறை விதிப்படி தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65 முதல் 75-க்குள் இருந்தால் கட்டணம் கட்டி விலக்குப் பெறலாம். 50 முதல் 65-க்குள் என்றால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது, அடுத்த முறைதான். 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தத்தம் விதிகளை வைத்துள்ளன. அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

மத்திய அரசின் அந்த உதவித்தொகையோ ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் கேட்கிறது. அங்கே அபராதம் கட்டிச் சரிசெய்ய வழியில்லை. அந்தப் பெண் முதற்பருவத்தில் மாதப் பிறப்பு, நவராத்திரி, தீபாவளி என்று கடைக்காக 20 நாள் விட்டிருந்தாள். இரண்டாம் பருவத்தில் 30 நாள். ஆக 180 நாளில் 50 நாள் போயிற்று. வருகை 72 சதவீதம். ஐந்தாறு நாள் குறைவுக்கு 12,000 ரூபாய் போயிற்று.

நம் சீசனும் கல்லூரிப் பருவமும்

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதத்துக்கு 68 நாள் போயாக வேண்டும். மீதம் 22 நாள். இதற்குள் காய்ச்சல், கல்யாணம், ஊர்ப் பயணம் எல்லாம் அடங்க வேண்டும்.

நம் வியாபாரத்தில் மாதத்தின் முதல் ஐந்து நாள்தான் மளிகைக்கு உயிர். சம்பளம் வாங்கியவர்கள் பட்டியலோடு வருவார்கள். “அந்த ஐந்து நாள் மட்டும் கடையில் இருடா” என்று பிள்ளையைச் சொல்கிறோம். ஐந்து மாதத்துக்கு 25 நாள். வருகை 72 சதவீதம். வேறு ஒரு நாளும் விடாத பிள்ளைகூட வரம்பைத் தாண்டிவிடுகிறான்!

இதற்கு மேல் அந்தந்தப் பேட்டைக்குரிய நெருக்கடி வேறு. தியாகராய நகரில் ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி வரை ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. பெசன்ட் நகரில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா திருவிழா. அடையாறு கடைகளுக்கும் அது வியாபாரக் காலம். மயிலாப்பூரில் நவராத்திரிக்குச் சுண்டல் சாமான், மார்கழி, பொங்கல், பிறகு பங்குனிப் பெருவிழா, அறுபத்துமூவர். பிள்ளைகளின் இரண்டு பருவங்களும் இந்த நெருக்கடிகளின் நடுவில்தான் ஓடுகின்றன. கடையில் ஒரு நாள் ஆள் கூலி எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பிள்ளையின் ஒரு நாள் வகுப்புக்கு என்ன விலை என்று நாம் கணக்குப் போட்டதில்லை.

அடியோடு நிறுத்தினால்

சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். “கல்லூரியை விட்டுவிடு, கடையைப் பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் முடித்துக்கொள்” என்கிறார்கள். அஞ்சல் வழிக் கல்வி தாழ்ந்தது அல்ல. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல் அதைத் தொடங்கியது முதல் கடைக்காரர் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கல்லூரியில் வாங்கிய உதவித்தொகை அங்கே கூட வராது. மேலே சொன்ன மத்திய அரசுத் திட்டம் நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்கு மட்டுமே.

தமிழக அரசு 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. புதுமைப் பெண் திட்டத்தை வகுத்தபோதே, படிப்பை இடைநிற்றல் இன்றி முடிக்கும் வரைதான் பணம் என்றும், அஞ்சல் வழியில் படிப்போருக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். மூன்றாண்டுப் படிப்பை முதலாண்டோடு விட்டால் பாக்கி 24 மாதப் பணம், அதாவது 24,000 ரூபாய் கிடைக்காது.

வாங்கிய பணத்துக்கே வில்லங்கம் வருவதும் உண்டு. ஆதிதிராவிட மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை பற்றி மத்திய அரசு 2010-ல் வெளியிட்ட விதிகளில், ஆண்டின் நடுவே படிப்பை விட்டால் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மாணவருக்கு உண்டு, அதை வசூலிப்பது மாநில அரசின் முடிவு என்று கூறப்பட்டிருந்தது. அனுமதியின்றி அடிக்கடி வகுப்புக்கு வராமல் இருந்தாலே உதவியை நிறுத்தி வைக்கலாம் என்றும் இருந்தது.

வங்கிக் கடன் எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்விக் கடன் வட்டிக்கு மத்திய அரசு மானியம் தரும் திட்டம் 2009-ல் வந்தது. நடுவில் படிப்பை விட்டவர்களுக்கு அந்த மானியம் இல்லை. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அசல் மட்டும்தான் பாக்கி என்று நினைத்திருந்த தகப்பனார் வட்டியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாகும்.

கட்டிய கட்டணம் திரும்பி வருமா என்றால், அதற்கும் தேதி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வகுத்த முறைப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுப் பணம். கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி கழிந்து 15 நாள் வரை 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50 சதவீதம். அதன் பிறகு ஒரு காசும் இல்லை. சரக்குத் திருப்புவதற்கு நாம் கெடு வைப்பது போலத்தான்! அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது.

சொல்லி விலகுவதும் சொல்லாமல் நிற்பதும்

கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. உடல்நலக் குறைவோ குடும்பத்தில் எதிர்பாராத சங்கடமோ வந்தால், தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி பெற்று விலகிக்கொள்ளலாம். படிப்புக் காலத்தில் ஒரே ஒரு முறைதான். அப்படி விலகியது தேர்வெழுதித் தவறியதாகக் கணக்கில் வராது. சிறப்பு முதல் வகுப்புக்கும் பங்கமில்லை. சொல்லாமல் நின்றவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிலைமை ஒன்றுதான். முன்கூட்டிக் கொடுத்த ஒரு தாள்தான் வித்தியாசம்.

மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியவர்கள் பலர். அங்கே பாடத்தைப் பாதியில் கைவிடுவது சாதாரணம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்நாட்டு மாணவர் மத்திய அரசின் உதவி பெற்றுப் பருவத்தில் 60 சதவீதக் காலம் முடியுமுன் எல்லாப் பாடத்திலிருந்தும் விலகினால், உதவியில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். மாணவர் விசாவில் போன நம் பிள்ளை இளநிலைப் படிப்பில் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படிக்க வேண்டும். அயல்நாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலரிடம் முன் அனுமதி பெறாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டு அந்த அளவுக்குக் கீழே போனால் விசாவுக்கே ஆபத்து.

நாம் செய்ய வேண்டியது

1. பிள்ளை கல்லூரியில் சேர்ந்த அன்றே உதவித்தொகை விதித் தாளைக் கேட்டு வாங்குங்கள். வருகை எவ்வளவு, மதிப்பெண் எவ்வளவு, புதுப்பிக்கக் கடைசித் தேதி எது என்று குறித்துக் கல்லாவுக்கு எதிரே ஒட்டுங்கள். விதிகள் மாறக்கூடியவை. ஆண்டுக்கு ஒரு முறை அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள்.

2. மாதம் ஒரு முறை பிள்ளையின் வருகைக் கணக்கைப் பாருங்கள். இருப்புச் சரக்கைப் பார்ப்பதில்லையா?

3. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றை அப்போதே கொடுங்கள். தகப்பனுக்கு நோய் என்றாலும் துறைத் தலைவரிடம் முதல் வாரமே கடிதம் போகட்டும். எல்லாம் முடிந்த பிறகு கொண்டுபோகும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

4. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், நிறுத்துவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டுமா? மீண்டும் சேர்ந்தால் உதவி தொடருமா? கட்டணத்தில் எவ்வளவு திரும்பும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

5. கடைக்குப் பிள்ளை தேவை என்று முன்கூட்டியே தெரிந்தால், நேரம் பார்த்துச் சேருங்கள். சென்னையில் பல கல்லூரிகளில் காலை, பிற்பகல் என இரண்டு ஷிப்டு உண்டு. மயிலாப்பூரில் 1946-ல் தொடங்கிய விவேகானந்தா கல்லூரியில் மாலைக் கல்லூரியும் நடக்கிறது.

இன்னும் ஒன்று. முன்பெல்லாம் ஒரு கடைக்காரர் படுத்துவிட்டால் பக்கத்துக் கடையிலிருந்து ஆள் போய்க் கல்லாவில் உட்காரும். நாமே அப்படி உட்கார்ந்திருக்கிறோம். நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும், அவசரத்துக்கு ஒரு மாதம் ஆள் கொடுக்கக்கூடிய கடைகளின் பட்டியல் ஒன்று எழுதி வைத்தால் என்ன? மயிலாப்பூர்ப் பட்டியலில் முதல் பெயராக நம் மண்டியின் பெயரைக் கொடுத்திருக்கிறோம்.

மந்தைவெளி நண்பரின் மகளுக்கு அந்த ஆண்டு போன 12,000 ரூபாயை நாம் கொடுத்தோம். அவர் கணக்கில் பற்று எழுதவில்லை. இது தர்மம் அல்ல. அன்று மண்டியில் வேலை குறைவு, ஒரு பையனை அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் வாயால் யோசனை சொன்னதற்கு நாம் கட்டிய கிரயம்.