வடிந்த வெள்ளம், வடியாத கடன்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களில் தென் தமிழகம் கண்ட மழை, வானிலை வரலாற்றில் அரிதாகப் பதிவாகும் வகையைச் சேர்ந்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் பெய்த மழை அதிகம்.

தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றதால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதில் தவித்த சுமார் 800 பயணிகளைப் பற்றி நாடே பேசியது. அவர்கள் மீட்கப்பட்ட பிறகு, பேச்சு மெல்ல ஓய்ந்தது. ஆனால், அந்த ரயில் நிலையத்தைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் துயரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

சிற்றூர்களின் வெள்ளம் நகர வெள்ளத்திலிருந்து வேறுபட்டது. தாமிரவருணியின் மேற்பகுதியில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் உள்ளன. பெருவெள்ளம் என்றதும் அணைகளை முன்கூட்டியே திறந்திருக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால், அந்த முறை மழையின் பெரும்பகுதி அணைகளுக்கு வெகு கீழே, கடலோரச் சமவெளியிலேயே பெய்தது. அங்கு பெய்யும் மழையைத் தாங்கிக்கொள்ள எந்த அணையும் இல்லை. இருப்பவை குளங்கள் மட்டுமே.

தாமிரவருணிப் பாசனத்தில் குளங்கள் தனித்தனியானவை அல்ல. அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் ஒரு குளத்தை நிரப்பும். அதன் மறுகால் நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். மேலே உள்ள ஒரு குளத்தின் கரை உடைந்தால், அதன் மொத்த நீரும் ஒரே நேரத்தில் கீழ்க்குளத்தில் பாயும். அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் அதுவும் உடையும். மறுகால் ஓடைகள் தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருக்கும்போது இந்த ஆபத்து பன்மடங்காகிறது. ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கடைசியில் உள்ள கோரம்பள்ளம் குளமும் அந்த வெள்ளத்தில் உடைந்தது. ஆற்றங்கரையில் இல்லாத ஊர்களும் மூழ்கியதற்குக் காரணம் இதுதான்.

முதல் இரண்டு மூன்று நாள்கள் பல ஊர்கள் தீவுகளாயின. ஏரல் பாலம் சேதமடைந்தது, மின்சாரம் நின்றது, மின்சாரம் இல்லாததால் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. எந்த ஊரில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதே வெளியே தெரியவில்லை. கடலில் மீன்பிடிக்கும் படகுகள் ஊர்த்தெருக்களுக்கு வந்து மக்களை மீட்டன. ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களை வீசின. மீட்புப் பணி பாராட்டத்தக்க வகையில் நடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நம்முடைய கேள்வி, அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியது.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும் மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் நிவாரணமாக வழங்கப்பட்டன. அடுப்பெரிய அந்தத் தொகை உதவியது. ஆனால், ஒரு விவசாயக் குடும்பத்தின் இழப்பு வீட்டுக்குள் மட்டும் இல்லை. பிசான நெல் இளம்பயிராக நிற்கும் மாதம் டிசம்பர். வாழையோ ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். சில நாள்கள் வேரில் தண்ணீர் தேங்கினாலே கிழங்கு அழுகி, மரம் சாய்ந்துவிடும். அதுவரை செலவிட்ட உரமும் கூலியும் அத்துடன் போயின.

இழப்பீட்டுக் கணக்கைப் பார்ப்போம். பேரிடர் நிவாரண விதிகளின்படி, 33 சதவீதத்துக்கு மேல் சேதமடைந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய். பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். வாழைக்கு இந்த உச்ச வீதமே கிடைப்பதாகக் கொண்டாலும், ஏக்கருக்கு ஏறத்தாழ 9,100 ரூபாய்தான் வருகிறது. ஏக்கருக்கு ஆயிரம் வாழை என்று வைத்துக்கொண்டால், மரம் ஒன்றுக்கு 9 ரூபாய். மறுநடவுக்குக் கன்று வாங்கவும் அது போதாது. இந்தத் தொகையை விதிகளே ‘இடுபொருள் மானியம்’ என்றுதான் அழைக்கின்றன. முழு இழப்பையும் ஈடுசெய்வது அதன் நோக்கமே அல்ல.

அடுத்தது மணல். வெள்ளம் வடிந்தபோது பல வயல்களில் மணல் மேவிக் கிடந்தது. அதை அகற்றாமல் அடுத்த பருவத்துக்கு ஏர் பூட்ட முடியாது. மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் அல்லது வண்டல் படிந்த நிலத்தைச் சீர்செய்ய ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் வழங்க விதியில் இடமுண்டு. ஆனால், படிவை அளந்து சான்றளிக்க அதிகாரி வர வேண்டும். பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்கும் அதே சில பணியாளர்களே இதையும் செய்ய வேண்டியிருப்பதால், சிறு விவசாயிக்குக் காத்திருப்பே பெரிய செலவாகிறது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல், உதவி யாருக்குச் சேருகிறது என்பது. தாமிரவருணிப் பாசனத்தில் கோயில், மடம், வெளியூர் உரிமையாளர் ஆகியோரின் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவோர் ஏராளம். பெரும்பாலான குத்தகைகள் வாய்மொழியாகவே நடக்கின்றன. சாகுபடியாளரின் பெயரைப் பதிவுசெய்ய 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமை ஆவணச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், பதிவுசெய்தால் நிலத்தை மீட்பது கடினமாகிவிடும் என்று உரிமையாளரும், பதிவைக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்று குத்தகையாளரும் அஞ்சுகிறார்கள். விளைவு, பயிரை இழந்தவர் ஒருவர். பட்டாவில் பெயர் உள்ளவர் வேறொருவர்.

கடனிலும் இதே நிலைதான். பேரிடர் பகுதிகளில் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் இழந்தோரின் வங்கிக் கடனை மாற்றியமைத்து, திருப்பிச் செலுத்தக் கூடுதல் காலம் தர ரிசர்வ் வங்கியின் விதிகள் வழிசெய்கின்றன. ஆவணமற்ற குத்தகையாளருக்கு வங்கியில் பயிர்க் கடனே கிடைப்பதில்லை. அவர் கடன்பட்டிருப்பது உரக்கடையிலும் வாழைக்காய் மண்டியிலும் நகை அடகிலும். அங்கெல்லாம் வட்டி வெள்ளத்துக்காக ஒரு நாளும் நிற்பதில்லை.

பயிர்க் காப்பீடும் முழுத் தீர்வாகவில்லை. பெரும்பாலும் ஒரு வருவாய்க் கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி விளைச்சலை வைத்தே இழப்பு கணிக்கப்படுகிறது. தனி வயலின் சேதத்துக்கு உரிமை கோர வழியுள்ள இனங்களில், 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். சாலையும் மின்சாரமும் கைப்பேசியும் மூன்று நாள்கள் இல்லாத ஊரில் இந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவது?

இவற்றுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை. முதலாவதாக, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் உண்மையில் பயிரிடுபவரின் பெயர் அடங்கலில் இடம்பெற வேண்டும். இந்தப் பதிவு நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டுமே செல்லும், நில உரிமையைப் பாதிக்காது என்று அரசு தெளிவுபடுத்தினால் இரு தரப்பின் அச்சமும் குறையும். பிசானப் பருவம் தொடங்கும் காலத்தில், நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள் கிராம சபை கூடுகிறது. அந்தப் பட்டியலை அங்கேயே வாசித்துத் திருத்தலாம். யார் எந்த வயலில் பயிரிடுகிறார் என்பது ஊருக்குத் தெரியாததல்ல.

இரண்டாவதாக, தொலைத்தொடர்பு அற்றுப்போன பகுதிகளில் காப்பீட்டுக்கான 72 மணி நேரத்தை, தொடர்பு மீண்ட நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். மூன்றாவதாக, மணல் அகற்றும் பணியை ஒவ்வொரு விவசாயியின் தலையிலும் தனித்தனியாகச் சுமத்தாமல், கிராமம் முழுமைக்குமான ஒரே பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வேலையிழந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அதிலேயே கூலி கிடைக்கும்.

நான்காவது, குளங்கள். உடைந்த கரையில் மணல் மூட்டைகளை அடுக்குவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. கரையை மண்ணிட்டு இறுக்கி உயர்த்துவதும், மடைகளைப் பழுதுபார்ப்பதும், மறுகால் ஓடைகளை அடுத்த குளம் வரை தூர்வாருவதும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிய வேண்டும். ஒரு குளத்தைச் சீரமைத்து அதற்கு மேலுள்ளதை விட்டுவிட்டால் பயனில்லை. சங்கிலித்தொடர் முழுவதையும் ஒரே திட்டமாகக் கொள்ள வேண்டும்.

நிவாரணத்தை நாள்களில் கணக்கிடலாம்; மீட்சியைப் பருவங்களில்தான் கணக்கிட முடியும். ஒரு சிற்றூர் வெள்ளத்திலிருந்து மீண்டுவிட்டதா என்பதை அறிய, சாலை போடப்பட்டதா, மின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது போதாது. வெள்ளத்துக்கு முன் அங்கு பயிரிட்டவர், புதிய கடன் இல்லாமல் அதே வயலில் மீண்டும் நாற்று நட்டாரா என்பதையே அரசின் ஆய்வுக் கூட்டங்கள் முதலில் கேட்க வேண்டும்.